கரடிக்கு எந்தத் துவக்கு?

காட்டுக்குள் செல்பவர் கரடியிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள எந்தத் துவக்கை எடுத்துச் செல்ல வேண்டும் என்ற கேள்வி அலாஸ்கா, கனடா போன்ற குளிர் தேசங்களுக்கு மட்டும் உரியதன்று. ஊவா மாகாணத்திலும் அது கேட்கப்பட்டே வருகின்றது. மஹியங்கனையிலும் பிபிலையிலும் சியம்பலாண்டுவையிலும் தேன் எடுக்கவோ, விறகு பொறுக்கவோ, காணாமற்போன மாட்டைத் தேடவோ காட்டுக்குள் இறங்கும் ஏழை மனிதரின் கேள்வி அது. பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டப் பகுதிகளில் காட்டுப் பன்றியையும் சிறுத்தையையும் முன்வைத்து அதே கேள்வி எழுகின்றது. கேள்வியே பிழையான இடத்தில் தொடங்குகின்றது என்பது எமது கருத்து. ஆயினும், கேட்பவரை இகழ்ந்துவிட்டுச் செல்ல நாம் விரும்பவில்லை. கரடியின் நகத்துக்கு முகத்தின் ஒரு பாதியைப் பறிகொடுத்தவரை ஒருமுறை கண்டவர் எவரும் அந்தக் கேள்வியை இலேசாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

கரடி வாழும் ஊவா

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தேயிலை விளையும் உயர்ந்த மலைகளில் கரடி இல்லை. இலங்கையின் கரடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீற்றர் உயரத்துக்குக் கீழே உள்ள வறண்ட காடுகளிலேயே வாழ்கின்றது. ஆனால், ஊவா மாகாணம் என்பது ஹப்புத்தளையும் பண்டாரவளையும் நமுனுகுல மலையும் மட்டுமல்ல. பதுளை மாவட்டத்தின் வடக்கே மஹியங்கனையும் தம்பானையும் மாதுறு ஓயாக் காட்டை அண்டிக் கிடக்கின்றன. மொனராகலை மாவட்டமோ கல்ஓயா, யால ஆகிய பெருங்காடுகளுக்கு நடுவே விரிந்துள்ளது. லுணுகலையிலிருந்து பிபிலைக்கு இறங்கும் பாதையில் தேயிலை முடிந்து காடு தொடங்கும் தூரம் அதிகமில்லை. தோட்டத்தில் வேலைநாட்கள் குறையும்போது கீழ்ப்புறம் கூலி வேலைக்கு இறங்குபவருக்குக் கரடி வெறும் கதையன்று.

இந்நாட்டுக் கரடிகளின் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் குறைவு என்றே மதிப்பிடப்படுகின்றது. தீவின் நிலப்பரப்பில் 17 வீதத்துக்கும் குறைவான பகுதியிலேயே அவை எஞ்சியுள்ளதாக ஆய்வாளர் சியாமளா ரத்நாயக்கவும் அவரது குழுவினரும் கண்டறிந்துள்ளனர். மகாவலிக்கு அப்பால் உள்ள வஸ்கமுவையில் அவர்கள் மேற்கொண்ட ஆய்வில், ஒரு கரடி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு சதுர கிலோமீற்றர் பரப்புக்குள்ளேயே நடமாடுவது தெரியவந்தது. இது சாதாரண விடயமன்று. எந்தக் காட்டுத்துண்டில் கரடி உண்டு, எதில் இல்லை என்பதை ஊரவர்களால் அறிந்து வைத்திருக்க முடியும் என்பதே இதன் பொருள்.

கரடி மனிதனை உணவுக்காகத் தேடிவரும் விலங்கன்று. கறையானும் தேனும் பாலைப்பழமும் வீரைப்பழமுமே அதன் உணவு. பார்வை மந்தம். புற்றைத் தோண்டிக் கறையானை உறிஞ்சும்போது அது எழுப்பும் சத்தத்தில் மனிதனின் காலடியோசை அதற்குக் கேட்பதில்லை. மனிதன் மிகவும் அருகில் வந்த பின்னரே திடுக்குற்று நிமிர்கின்றது. மான் போல ஓடவோ, சிறுத்தை போல மரமேறித் தப்பவோ அது முயல்வதில்லை. குறிப்பாகக் குட்டிகளை முதுகில் சுமந்து திரியும் தாய்க்கரடி முன்னோக்கிப் பாய்வதையே பாதுகாப்பாகக் கொள்கின்றது. அதன் இலக்கு பெரும்பாலும் மனிதனின் முகமும் தலையும்தான். உயிர் பிழைப்பவர் பலர். பழைய முகத்துடன் வீடு திரும்புபவர் சிலரே.

துவக்கால் ஆவதும் ஆகாததும்

இனி, கேட்கப்பட்ட கேள்விக்கே வருவோம். நமது நாட்டுக் கிராமவாசி ஒருவருக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடிய துவக்கு பெரும்பாலும் 12 ஆம் இலக்க சொட்கன் ஒன்றே. சில்லுச் சில்லாகச் சிதறும் சிறு ரவைகள் பறவைக்கும் முயலுக்கும் உரியவை. அடர்ந்த நீண்ட உரோமமும் தடித்த தோலும் கொண்ட கரடியை அவை நிறுத்துவதில்லை. காயப்படுத்தி வெறியூட்டுவதோடு சரி. பெரிய ரவை கொண்ட தோட்டா அருகிலிருந்து பட்டால் நிறுத்தக்கூடும். இரட்டைக்குழலாயின் இரண்டாவது வெடிக்கு வாய்ப்புண்டு. ரிப்பீட்டராயின் இன்னும் சில. வாய்வழியாக மருந்திட்டு இடிக்கும் இடியன் துவக்கிலோ ஒரேயொரு வெடிதான். அது தவறினால் கையிலிருப்பது வெறும் இரும்புத் தடி.

ஆயினும் இந்த ஒப்பீடுகள் எல்லாம் ஒரு கணக்கின் முன் பயனற்றுப்போகின்றன. கரடி மணிக்கு 30 கிலோமீற்றருக்கும் கூடுதலான வேகத்தில் ஓடக்கூடியது. இருபது மீற்றர் தூரத்தைக் கடக்க அதற்கு இரண்டரை விநாடிகூடத் தேவையில்லை. எமது வறண்ட காட்டின் புதருக்குள் இருபது மீற்றர் தூரம் பார்வைக்குத் தெரிவதே அரிது. தோளில் தொங்கும் துவக்கைக் கழற்றி, பூட்டைத் திறந்து, குறிபார்த்து, நடுங்காத கையால் விசையை இழுக்க வேண்டும். பயிற்சி பெற்ற சிப்பாய்க்கும் இது எளிதன்று. அன்றாடம் கத்தியும் கூடையும் பிடிக்கும் கைகளுக்கு இது கைகூடும் என்று நம்புவது எவ்வாறு? உடன் வந்தவர் கரடியின் பிடியில் கிடக்கும்போது சுடப்படும் ரவை யாரில் படும் என்பதையும் எவரும் உறுதியாகக் கூற முடியாது.

இது எமது ஊகம் மட்டுமன்று. துவக்குகள் தாராளமாகப் புழங்கும் அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை பதிவான 269 கரடிச் சம்பவங்களை ஆய்வாளர்களான டொம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ ஆகியோரைக் கொண்ட குழுவொன்று ஆராய்ந்து, 2012 இல் முடிவை வெளியிட்டது. நெருங்கிய மோதல்களில் துவக்கைப் பயன்படுத்தியவர்களும் துவக்கு வைத்திருந்தும் பயன்படுத்தாதவர்களும் காயமடைந்த விகிதத்தில் வேறுபாடில்லை என்பதே அம்முடிவு. அதே ஆய்வாளர்கள் 2008 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் தெளிப்பானை வைத்திருந்தவர்களில் 98 வீதமானோர் நெருங்கிய மோதல்களிலும் காயமின்றித் தப்பியிருந்தனர். அலாஸ்காவின் கரடி வேறு, எமது கரடி வேறு என்பது உண்மை. ஆனால், மனிதனின் கை நடுக்கம் எங்கும் ஒன்றே.

எமது முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். 1845 இல் குடியேற்றச் செயலாளராக இங்கு வந்த எமர்சன் டெனன்ட், இலங்கையின் விலங்குகளைப் பற்றி 1861 இல் வெளியிட்ட நூலில், கரடிக்கு அஞ்சிக் காட்டுவழி செல்வோர் இலேசான கோடரியொன்றைக் கொண்டு செல்வதைக் குறிப்பிடுகின்றார். அவர் அதற்கு எழுதும் பெயர் எமது 'கோடாலி'யே என்பது வெளிப்படை. கிழக்குக் கரையிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றி வெல்லஸ்ஸவுக்கும் ஊவாவுக்கும் தவளம் ஓட்டிய முஸ்லிம் வணிகர்களும் இத்தகைய காடுகளைக் கூட்டமாகவே கடந்தனர். இன்றும் தம்பானையின் வேடுவர் தோளில் கோடரி இருப்பதைக் காண்கின்றோம். தோளிலிருந்து ஒரே வீச்சில் கைக்கு வரும் கருவி அது. கருவியைவிட முக்கியமானவை அதை ஏந்தியவரின் காட்டறிவும் கூடச் சென்ற துணையுமே.

யாருடைய கையில் துவக்கு?

ஊவாவில் துவக்கு என்றும் பலவீனரைக் காக்கும் கருவியாக இருந்ததில்லை. பதுளையில் அரச அதிபரின் உதவியாளராகவும் படைத் தளபதியாகவும் இருந்த மேஜர் றொஜர்ஸ் 1,400 க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று கூறப்படுகின்றது. 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். பதுளை சென் மார்க் தேவாலயம் அவரது நினைவாக எழுந்தது. அதே ஆண்டுகளில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட எமது மூதாதையர் மன்னார்க் கரையிலிருந்து காடுகளூடாக வெறுங்கையுடன் நடந்துவந்தனர். வழியில் கொள்ளைநோய்க்கும் பசிக்கும் இரையானோர் ஏராளம். துரைக்குத் துவக்கு, தொழிலாளிக்குக் கத்தி என்ற ஏற்பாடு அன்றே தொடங்கிவிட்டது.

இன்றைய சட்டமும் நடைமுறையில் இதை அதிகம் மாற்றிவிடவில்லை. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. அனுமதிப்பத்திரம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 உடன் முடிவடையும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கெனத் துவக்குக் கேட்பவர் தமது காணியைக் காட்ட வேண்டும். இரு நூற்றாண்டுகளாக மலையை உழுதும் ஒரு துண்டுக் காணிக்கும் உறுதியில்லாத தோட்டத் தொழிலாளி எந்தக் காணியைக் காட்டுவார்? போர்க்காலத்தில் மலையகத் தமிழ் இளைஞர் ஒருவர் துவக்குக்கு விண்ணப்பிப்பதை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. சந்தேகத்தின் பேரில் கைதாவதற்கு விண்ணப்பம்கூடத் தேவைப்படாத காலம் அது. 2024 நவம்பரில் தனிப்பட்ட பாதுகாப்புக்காக வழங்கப்பட்ட துவக்குகளை மீள ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்ததையும் வாசகர்கள் அறிவர். ஆகவே, 'அனைவருக்கும் துவக்கு' என்று மேடைகளில் முழங்குபவர் எவராயினும், அந்த 'அனைவரில்' தோட்டத்து லயன் அடங்காது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கட்டுத்துவக்கும் கம்பிச் சுருக்கும்

சட்டப்படியான துவக்குக் கிட்டாத இடத்தில் சட்டவிரோதமானது முளைக்கின்றது. மூங்கில் புதருக்கு அருகே நூல் கட்டி மறைத்து வைக்கப்படும் கட்டுத்துவக்கு பன்றியையும் மனிதனையும் வேறுபடுத்தி அறியாது. விறகுக்குச் சென்ற பெண்ணின் காலும் அதற்கு ஒன்றுதான். 'ஹக்கபட்டாஸ்' என்னும் வெடிப்பொறி உணவைக் கடித்த யானைக் குட்டியின் வாயைச் சிதைக்கின்றது. கம்பிச் சுருக்கோ இன்னும் மலிவு. சைக்கிள் பிறேக் கம்பியொன்று போதும். இவற்றுள் ஒரு பகுதி பயிரைக் காக்க வைக்கப்படுவது உண்மையே. மறு பகுதி பன்றி இறைச்சி வியாபாரத்துக்காக வைக்கப்படுவது என்பதையும் மறைப்பதற்கில்லை.

2020 மே மாத இறுதியில் அயல் மாவட்டமான நுவரெலியாவில், நல்லதண்ணி லக்‌ஷபான தோட்டத்தில் கம்பிச் சுருக்கொன்றில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை சில தினங்களில் உடவளவையில் சிகிச்சை பயனின்றி இறந்தது. நாடே அதற்காக வருந்தியது. வருந்தியது சரியே. ஆனால், அக்கம்பி வைக்கப்பட்ட மரக்கறிப் பாத்தியின் உரிமையாளர் எப்படி வாழ்கின்றார், பன்றி அழித்த பயிருக்கு அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டவர் எத்தனை பேர்?

இங்கே தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பும் பேசப்பட வேண்டும். 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கைமாறிய பின்னர், இலாபமற்றவை எனக் கைவிடப்பட்டுக் காடாகிப்போன தேயிலை மலைகள் பல. பன்றிக்கும் அதைத் தேடிவரும் சிறுத்தைக்கும் அவையே புகலிடம். கொழுந்து பறிக்கும் பெண்கள் அந்தக் காட்டின் ஓரத்திலேயே காலை முதல் மாலை வரை நிற்கின்றனர். லயனுக்கு வெளியே, வெளிச்சமற்ற மலசலகூடத்துக்கு இரவில் செல்லும் பிள்ளைக்குத் துவக்கு எப்படிப் பயன்படும்? அங்கே வேண்டியது ஒரு மின்குமிழும் வெட்டப்பட்ட புதரும் அல்லவா?

நீலகிரியிலிருந்து ஒரு பாடம்

எமது மலையில் கரடி இல்லை என்றோம். ஆனால், எமது உறவினர் பலர் இன்று கரடியுடனேயே தேயிலைத் தோட்டத்தில் வாழ்கின்றனர். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரில் கணிசமானோர் நீலகிரியில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு வேலை வழங்கவே தமிழக அரசு 1968 இல் அங்கு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. ஊவாவில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் கரடி நடமாடும் தேயிலைச் செடிகளுக்கு இடையே நிற்கின்றனர். அங்கே கரடி இரவில் கடைக் கதவை உடைக்கின்றது. கோவிலுக்குள் புகுந்து விளக்கெண்ணெயைக் குடிக்கின்றது. குப்பைத் தொட்டியைக் கிளறுகின்றது.

அங்கும் தொழிலாளிக்குத் துவக்குக் கிடையாது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கரடியை உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் வைத்துள்ளது. அங்கே மக்கள் கேட்பது வனத்துறையின் விரைந்த வருகையையும், கூண்டையும், தெருவிளக்கையும், குப்பை அகற்றலையும், இழப்பீட்டையுமே. மனிதர் போடும் உணவுக் கழிவே கரடியை ஊருக்குள் அழைக்கின்றது என்பது நீலகிரி தரும் பாடம். கழிவைத் திறந்தவெளியில் கொட்டும் எமது நகரசபைகளும் தோட்டங்களும் பன்றி விடயத்தில் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

காட்டைக் கடக்கும் யாத்திரிகர்

கரடிக்காட்டைத் துவக்கின்றிக் கடப்பது எவ்வாறு என்பதற்கு ஊவாவிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் கதிர்காம உற்சவத்துக்காக ஆயிரக்கணக்கானோர் உகந்தை முருகன் கோவிலிலிருந்து குமண, யால காடுகளூடாக நாட்கணக்கில் நடந்து செல்கின்றனர். பாலைமரம் பழுத்து, கரடிகள் அப்பழத்தை நாடிப் பாதையோரங்களிலும் நடமாடும் பருவமும் ஏறத்தாழ அதுவே. யாத்திரிகர் கையில் இருப்பது வேலும் ஊன்றுகோலும். அவர்கள் கூட்டமாகச் செல்கின்றனர். முதியவரையும் பிள்ளைகளையும் நடுவில் வைத்து நடக்கின்றனர். வழிநெடுக 'அரோகரா' ஓசை எழுப்புகின்றனர். அறிந்தவர் முன்னே செல்கின்றார். கதிர்காமத்தில் கோவிலும் பள்ளிவாசலும் அருகருகே அவர்களை வரவேற்கின்றன; பள்ளிவாசலிலும் அதே காலத்தில் கொடியேறுகின்றது.

அந்நடை பக்தியால் அமைந்தது. ஆயினும், கரடி பற்றி அறிஞர் கூறும் அறிவுரையும் அதுவேதான்: தனியே செல்லாதீர், ஓசையின்றிச் செல்லாதீர், உங்கள் வரவைத் தொலைவிலேயே கரடி அறியட்டும். அறிந்தால் பெரும்பாலும் அது விலகிவிடும். அதிகாலையிலும் அந்தியிலும் புற்று நிறைந்த புதர்களையும் பாறைக் குகைகளையும் தவிர்க்க வேண்டும். எதிர்ப்பட்டுவிட்டால் ஓடலாகாது. பாய்ந்துவிட்டால் குப்புற விழுந்து, கழுத்தையும் பிடரியையும் இரு கைகளாலும் பொத்திக்கொள்ள வேண்டும். கண்ணும் முகமும் தப்பினால் ஆயுள் தப்பும்.

அரசின் கடமை

மக்கள் இவற்றைச் செய்தால் அரசு சும்மா இருந்துவிடலாம் என்பது எமது வாதமன்று. துவக்கை மறுக்கும் அரசுக்கு, துவக்கின்றி வாழ வழிசெய்யும் கடமை இரட்டிப்பாகின்றது.

முதலாவது, வனஜீவராசிகள் திணைக்களத்தின் எச்சரிக்கைகளும் அறிவுரைகளும் தமிழிலும் வர வேண்டும். தோட்டப் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் கோவில்களிலும் அவை சொல்லப்பட வேண்டும். சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட பலகையால் கரடியைக் கண்டு அஞ்சும் தமிழ்பேசும் மனிதனுக்குப் பயனில்லை.

இரண்டாவது, சிகிச்சை. சியம்பலாண்டுவையிலோ பிபிலையிலோ முகம் சிதைந்தவர் ஒருவர் உரிய சத்திரசிகிச்சையைப் பெறுவதற்குள் கடக்க வேண்டிய பாதை நீண்டது. பதுளை, மொனராகலை வைத்தியசாலைகளில் முக, கண் சிகிச்சைக்கான வசதிகள் பெருக வேண்டும். தழும்புடன் திரும்பியவருக்கு மீண்டும் மனிதர் முன் நிற்கும் துணிவைத் தரும் உளவள ஆலோசனையும் சிகிச்சையின் பகுதியே.

மூன்றாவது, இழப்பீடு. அது காணி உறுதியைக் கேளாமல், உழைக்கும் கையைப் பார்த்து வழங்கப்பட வேண்டும். அலுவலகத்துக்கு ஏழு தடவை அலையவிடும் இழப்பீடு இழப்பையே பெருக்கும். நாளொன்றின் சம்பளத்தை இழந்து பதுளைக்கு வரும் தொழிலாளிக்கு 'நாளை வா' என்ற சொல்லின் விலை பெரிது.

நான்காவது, கட்டுத்துவக்குகளையும் சுருக்குகளையும் தாமாக ஒப்படைப்போருக்குப் பொதுமன்னிப்புக் காலமொன்று தரப்பட்டு, அதன் பின்னர் இறைச்சி வியாபாரிகள் மீது சட்டம் கடுமையாகப் பாய வேண்டும். இதுவரை அகப்பட்டவர் பெரும்பாலும் கம்பி கட்டிய ஏழைகளே. இறைச்சி வாங்கி விற்பவரல்லர்.

ஐந்தாவது, காடாகிப்போன தேயிலை நிலங்களைத் துப்புரவு செய்வதோ, தொழிலாளருக்குப் பகிர்ந்து கொடுப்பதோ கம்பனிகளின் கட்டாயக் கடமையாக வேண்டும். மனிதர் பயிரிட்டு வாழும் மண்ணில் பன்றி குடியேற இடமிராது.

கரடிக்கு எந்தத் துவக்கு என்ற கேள்விக்கு எமது விடை இதுவே: எதுவும் வேண்டாம். காட்டுக்குப் போகும்போது துணையுடன் போங்கள், சத்தமிட்டுப் போங்கள், அறிந்தவரை முன்னே விடுங்கள். காட்டை விட்டு வெளியே வந்ததும் அதே துணையுடன், அதே சத்தத்துடன் பிரதேச செயலகத்தின் முன் நில்லுங்கள். கரடியை விலக்கும் ஓசை அதிகாரிகளை எழுப்பவும் உதவும்.